ஒரு பக்கத் தேய்மானம்

மூன்றாவது முறையாக அந்த கேம் கன்ட்ரோலர் தன் மேசைக்குத் திரும்பி வந்தபோது ஷண்முகப்ரியாவுக்கு முதலில் வந்தது வெட்கம். எரிச்சல் அப்புறம்தான் வந்தது. ஆடியில் ஒரு முறை வந்தது, ஆவணிக் கடைசியில் ஒரு முறை வந்தது. இப்போது நவராத்திரி தொடங்கி இரண்டாம் நாள். அதே கன்ட்ரோலர், அதே வலது பக்க ஸ்டிக், அதே கோளாறு. கட்டைவிரலால் தள்ளுகிற அந்தச் சின்னக் குமிழ், விரலை எடுத்தால் நடுவுக்கு வந்து நிற்க வேண்டும். இது நடுவில்தான் நின்றது. ஆனால் மடிக்கணினியில் சோதனைப் பக்கத்தைத் திறந்து வயரைச் செருகினால், யாரும் தொடாமலே திரையில் இருந்த புள்ளி மெல்ல இடது பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு முறையும் ஸ்டிக்கை முழுதாகக் கழற்றிப் புதியது வைத்துக் கொடுத்திருந்தாள். அவள் கை பட்ட எதுவும் மூன்றாம் முறை வந்ததில்லை.

கொண்டுவந்திருந்த நீரஜாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. குறை சொல்கிற குரலே அவளிடம் இல்லை. "உன்னைத் தப்பு சொல்ல வரலை பிரியா. அவர் தினம் மூணு மணி நேரம் விடாம ஆடறார், அதான் போயிடறதோ என்னமோ," என்றாள். கன்ட்ரோலர் அவள் மகள் சாருலதா மேல்படிப்புக்குப் போகும்போது வீட்டில் விட்டுச் சென்றது. கணவர் சந்திரமௌலி பல் டாக்டர். பத்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக மீண்டு வந்தபோது, கட்டைவிரலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று பிசியோதெரபிஸ்ட்தான் இந்த யோசனையைச் சொன்னார். காரைத் திருப்புகிற வேலையை வலது ஸ்டிக்குக்கு மாற்றி வைத்துக்கொண்டு ரேஸ் ஆடுகிறார். "தினமும் ஃபர்ஸ்ட் வரார், தெரியுமா? விஜயதசமி அன்னிக்கு கிளினிக்கைத் திறக்கறோம். அதுக்கு முன்னாடி இது மட்டும் சரியாயிட்டா, அவர் பயிற்சி விட்டுப்போகாது." சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது. எட்டு நாள் இருந்தது.

ஷண்முகப்ரியாவின் மேசை தி.நகரில் அவள் பெரியப்பாவின் பாத்திரக் கடைக்கு மேல், மூன்றாம் மாடியில் இருந்தது. கீழே யாராவது எவர்சில்வர் குடத்தைத் தட்டிப் பார்த்தால் இங்கே மேசை வரைக்கும் கேட்கும். டிப்ளமா முடித்து ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் ஆறு வருடம் சர்க்யூட் போர்டு சோதித்தவள். தனியாக உட்கார்ந்து மூன்று வருடமாகிறது. அதே மாடியில் எதிர்த்த கடையில் மொபைல் உறை விற்கிற ஷரஃபுதீன், அவள் திருப்புளியை எடுப்பதைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"இன்னாமா, மறுக்காவும் அதே பொட்டியா? பார்ட்டு டூப்ளிகேட்டாத்தான் கீது. புச்சா ஒண்ணு மாத்திக் குட்து அனுப்பு, அவ்ளோதான்."

"பார்ட்டு டூப்ளிகேட்டா இருந்தா அதே பெட்டியிலருந்து எடுத்த மத்த இருபதும் திரும்பி வந்திருக்கணும்லண்ணே? ஒண்ணுகூட வரல."

"அப்ப?"

"அதான் பாக்கணும். பாக்காம இன்னொண்ணை வைக்க மாட்டேன்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அவள் நான்கு திருகாணிகளைக் கழற்றி மேல் ஓட்டைப் பிரித்தாள். இரண்டு முறையும் போர்டிலிருந்து ஈயத்தை உருக்கி ஸ்டிக்கை எடுத்ததோடு சரி, அதற்குள் திறந்து பார்த்ததில்லை. யாரும் பார்ப்பதில்லை. மாற்றுவது சுலபம். இந்த முறை ஸ்டிக்கின் பக்கவாட்டில் இருந்த பச்சை மூடியை நுனிக்கத்தியால் நெம்பினாள். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவு ஒரு வெள்ளைத் தகடு. அதன்மேல் பிறை மாதிரி கருப்பாக ஒரு கரிப் பூச்சு. ஸ்டிக் அசையும்போதெல்லாம் ஒரு மெல்லிய உலோக நாக்கு அந்தக் கரிமேல் உரசிக்கொண்டு போகும். அது எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் விரல் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கன்ட்ரோலர் தெரிந்துகொள்கிறது. கரி தேய்ந்துவிட்டால் கணக்குத் தப்பும்.

பூதக்கண்ணாடியின் கீழே தகட்டை வைத்து விளக்கை இழுத்தாள். நடுவிலிருந்து இடது கோடி வரைக்கும் கரி தேய்ந்து, வாய்க்கால் மாதிரி பள்ளம் விழுந்து, சில இடங்களில் அடியிலிருந்த வெள்ளையே தெரிந்தது. நடுவிலிருந்து வலது கோடி வரை ஒரு கீறல் இல்லை. பெட்டியிலிருந்து பிரித்தபோது இருந்த பளபளப்பு அப்படியே இருந்தது.

அவள் கழித்துப்போட்ட சாமான்களைத் தூக்கி எறிகிறவள் இல்லை. மேசைக்கடியில் இருந்த பிஸ்கட் டின்னை எடுத்துக் கவிழ்த்தாள். போன தடவை எடுத்த ஸ்டிக்கைத் தேடிப் பிரித்தாள். அதிலும் அதேதான், இடது பாதி குதறிக் கிடந்தது, வலது பாதி புதுசு. ஆடியில் எடுத்தது மகள் பல வருடம் ஆடியது. அதில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சீரான தேய்வு. மூன்று தகடுகளையும் ஒரு வெள்ளைக் காகிதத்தில் வரிசையாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கோளாறு ஸ்டிக்கில் இல்லை. இந்த மனிதர் விரலை வலது பக்கம் தள்ளவே இல்லை. இரண்டு மாதமாக, தினம் மூன்று மணி நேரத்தில், ஒரு தடவைகூட.

அப்படி ஒரு ரேஸ் எப்படி ஆட முடியும் என்பதுதான் புரியவில்லை. நீரஜாவுக்கு ஃபோன் செய்து, சார் ஆடுவது என்ன ஆட்டம், ஏதாவது வீடியோ இருக்கிறதா என்று கேட்டாள். சாருவுக்கு அனுப்புவதற்காக எடுத்தது இருக்கிறது என்று உடனே வந்தது. சோஃபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற, நரைத்த மீசை வைத்த ஒருவர். எதிரே டிவியில் ஒரு நீல நிறக் கார். நீள்வட்டமான மைதானம். கார் நேரே போய் இடது பக்கம் திரும்பியது. மறுபடி நேரே போய் மறுபடி இடது பக்கம் திரும்பியது. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பின்னாலிருந்து நீரஜா கைதட்டுகிற சத்தம் கேட்டது. அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஷண்முகப்ரியா இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள்.

தனக்கு இது தேவையா என்று யோசித்தாள். புது ஸ்டிக்கை வைத்துக் கொடுத்துவிட்டால் ஒரு மாதம் ஓடும். யார் கையின் எந்த விரல் எந்தப் பக்கம் போகவில்லை என்று சொல்வதற்கு அவளை யாரும் கேட்கவில்லை. ஆனால் போன வருடம் தேனாம்பேட்டையில் ஒரு கிளினிக்கில் அவளுக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். குறடு பல்லைக் கவ்வி அசைக்கும்போது வலி தாங்காமல் இடது கையைத் தூக்கினாள். தூக்கிய அதே நொடியில் டாக்டரின் பிடி விட்டது. இப்போது அது ஞாபகம் வந்ததும் நாக்கு தானாகப் போய் அந்தப் பள்ளத்தைத் தடவியது. எட்டு நாளில் யாரோ ஒருவர் இவரிடம் வாயைத் திறந்துகொண்டு படுக்கப்போகிறார். தகடுகள் நழுவாமல் ஒட்டி, காகிதத்தை மடித்து, பிரித்த பழைய ஸ்டிக்குகளோடு பைக்குள் வைத்தாள். புது ஸ்டிக் ஒன்றையும் கன்ட்ரோலரில் பொருத்தினாள். "நானே கொண்டாந்து மாட்டிக் கொடுக்கேன் மேடம். அவர் ஆடுற இடத்துல வச்சு ஒரு தடவை பாக்கணும்" என்று நீரஜாவிடம் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் லஸ் முனையில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தாள். வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகளுக்கு நடுவே ஆட்டோக்கள் நகர முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வீடு அதற்கடுத்த சந்தில். முன்னறைதான் கிளினிக், பின்னால் குடியிருப்பு. வாசலிலேயே புது பெயின்ட் வாசனை. நீரஜா அவளை முதலில் கிளினிக்குக்குள்தான் அழைத்துப் போனாள். பத்து மாதமாக மூடியிருந்த பிளாஸ்டிக் உறையை நேற்றுதான் நாற்காலியிலிருந்து எடுத்தார்களாம். தட்டில் கருவிகள் அளவுவாரியாகப் பளபளத்தன. "முதல் ஆளா நல்லசிவம் வரார், உங்க தி.நகர்லதான் ஜவுளிக் கடை. கடைவாய்ப் பல்லு. இவர்தான் எடுக்கணும்னு பத்து மாசமா மாத்திரையிலேயே ஓட்டிண்டிருக்கார், பாவம்," என்றாள்.

சந்திரமௌலி உள்ளேயிருந்து வந்தார். காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். வலது கையை வேட்டி மடிப்பில் இயல்பாக வைத்துக்கொண்டிருப்பவர் போல வைத்திருந்தார்.

"வாம்மா. பேஷண்ட்டை நீயே தூக்கிண்டு வந்துட்டியா? எங்க தொழில்லகூட இந்தக் கரிசனம் கிடையாது."

நீரஜா காபி கலக்க உள்ளே போனாள். ஷண்முகப்ரியா மடிக்கணினியை நாற்காலியின் பக்கத்துத் தட்டில் வைத்து, கன்ட்ரோலரைச் செருகினாள். ஸ்டிக்கை ஓரத்தோடு ஒரு சுற்று சுற்றினால் அது போன தடம் திரையில் கோடாக விழுகிற ஒரு சோதனை இருந்தது. முதலில் தானே சுற்றிக் காட்டினாள். ஒரு முழு வட்டம் விழுந்தது. அதை அழித்துவிட்டு அவரிடம் நீட்டினாள்.

"நீங்க ஒரு சுத்து சுத்துங்க சார்."

"அதான் நீ பாத்துட்டியே. எனக்கெதுக்கு எக்ஸாம்?"

"உங்க விரலுக்குச் சரியா இருக்கான்னு பாக்கணும். ஒரே ஒரு சுத்து."

அவர் வாங்கிக்கொண்டார். கட்டைவிரல் கீழே போயிற்று, இடது பக்கம் ஏறிற்று, மேலே பாதி வழியில் நின்றது. அவர் மணிக்கட்டைச் சாய்த்துப் பார்த்தார். தோளைச் சாய்த்தார். இடது கை மெதுவாக எழுந்து உதவிக்கு வந்தது.

"அந்தக் கை வேண்டாம் சார்."

இடது கை திரும்பிப் போயிற்று. திரையில், நடுக்கோட்டில் வெட்டிய தோசை மாதிரி, ஒரு அரை வட்டம் நின்றது. தெருவில் பொம்மைக்காரன் விலை சொல்கிற சத்தம் கேட்டது. அவர் கன்ட்ரோலரை வைத்துவிட்டு, "ஸ்டிக் இன்னும் கொஞ்சம் டைட்டா இருக்கு போல," என்றார். சொன்ன அவருக்கே அது நம்பும்படியாக இல்லை என்பது குரலில் தெரிந்தது.

அவள் காகிதத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். எது மகள் ஆடியது, எது அவர் ஆடியது என்று மட்டும் சொன்னாள். அவர் இழுப்பறையைத் திறந்து, பல் பார்க்கும்போது போட்டுக்கொள்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை இடது கையால் எடுத்து மாட்டிக்கொண்டார். பெரிய விளக்கைப் போட்டார். குனிந்து ஒவ்வொரு தகடாக வெகுநேரம் பார்த்தார். அந்தக் குனிவில் ஒரு பழக்கம் இருந்தது. முப்பது வருடமாகக் குனிந்த முதுகு.

"ஒரு பக்கமாவே மெல்லறவா பல்லு இப்படித்தான் தேஞ்சிருக்கும்," என்றார் நிமிராமலே. "வலிக்கிற பக்கம் கடிக்க மாட்டா. கேட்டா, ரெண்டு பக்கமும் நன்னா மெல்லறேன் டாக்டர்னு சத்தியம் பண்ணுவா. நான் கண்ணாடியைக் கொடுத்து வாயைக் காட்டுவேன்."

கண்ணாடியைக் கழற்றினார். "நீரஜாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல சார்."

"சொல்லப் போறியா?"

"நான் ஸ்டிக் மாத்துறவ. அதை நான் சொல்றது சரியா இருக்காது. ஆனா நல்லசிவம் சார் வர்றதுக்கு முன்னாடி யாராவது சொல்லணும்."

அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். முதல் நாள் சும்மா பார்த்து அனுப்பிவிடலாம், பிடுங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போடலாம், அதற்குள் வந்துவிடும் என்று ஏதேதோ சொன்னார். அவள் காகிதத்தை எடுக்காமல் அவர் முன்னாலேயே விட்டுவைத்தாள். பிறகு அவராகவே தட்டிலிருந்து ஒரு குறடை எடுத்தார். வலது கையில் வைத்தார். விரல்கள் அதன்மேல் மூடிக்கொண்டன, உறுதியாகவே மூடிக்கொண்டன. குறடின் வாய் இறுகியது. "பாத்தியா, பிடிக்கறது வரும்," என்றார். அப்புறம் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். குறடு திறக்கவில்லை. நெற்றி ஓரத்தில் ஒரு நரம்பு புடைத்தது. ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளாத அதே கட்டைவிரல் வெளியே விலகவில்லை. "விடறதுதான் வரலை."

இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவர் குறடை எடுக்கும்போது, கதவருகே இரண்டு டம்ளர்களோடு நீரஜா நின்றிருந்தாள்.

அவள் காபியைக் கீழே வைத்தாள். திரையில் இருந்த அரை வட்டத்தைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், கடைசியாக அவரைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

"தினம் ஃபர்ஸ்ட் வந்தேளே?"

"அந்த ரோடு இடது பக்கம் மட்டும்தான் திரும்பும், நீரஜா."

ஷண்முகப்ரியா வெளியே போய்விடலாமா என்று பார்த்தாள். வாசலுக்கும் அவளுக்கும் நடுவில் நீரஜா நின்றிருந்தாள். நீரஜா அழவில்லை. நோயாளி உட்கார்கிற நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "பிசியோ போதும், நானே பாத்துக்கறேன்னு நிறுத்தினது இதுக்குத்தானா? அவர் கண்டுபிடிச்சுடுவார்னு?" அவர் தலையசைத்தார். "முதல் நாள் ஜெயிச்சேன்னு சொன்னப்போ நீ சிரிச்சே. ஏழெட்டு மாசம் கழிச்சு சிரிச்சே. மறுநாளும் சிரிக்க வெக்கணும்னு தோணித்து. அப்புறம் நிறுத்தத் தெரியலை."

"அம்பது பேருக்கு ஃபோன் பண்ணியிருக்கேன் நான்," என்றாள் நீரஜா. குரல் உயர்ந்தது. "பெயின்ட் அடிச்சிருக்கேன். ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அரை வாய்க்குப் பல்லு பிடுங்கப் போறேளா நீங்க? அந்த மனுஷன் வாய்க்குள்ள குறடு மாட்டிண்டா யார் கையைப் பிரிக்கறது, நானா?" அவள் கொஞ்ச நேரம் பெயின்ட் அடித்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த ஃபோனை எடுத்தாள்.

"நல்லசிவம் சாரா? டாக்டர் ஆத்துலேர்ந்து நீரஜா பேசறேன். விஜயதசமிக்கு வர வேண்டாம் சார்… இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. கை இன்னும் தயாராகலை… தேதி சொல்லத் தெரியலை. நீங்க அந்தப் பல்லோட காத்திண்டிருக்காதீங்கோ. வேற ஒரு நல்ல டாக்டர் பேர் அனுப்பறேன், நாளைக்கே எடுத்துண்டுடுங்கோ." கடைசி வார்த்தை வரைக்கும் குரல் அசையவில்லை. வைத்தபின் ஒரு முறை மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். உடனே இன்னொரு எண்ணைத் தேடினாள். பிசியோதெரபிஸ்டிடம் நாளைக் காலையிலிருந்து வரச் சொன்னாள். நடந்தது முழுவதையும் சொன்னாள், எதையும் குறைக்காமல். சந்திரமௌலி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் பேசி முடித்ததும் அவர் ஷண்முகப்ரியாவிடம் திரும்பினார். "ஸ்டிக்கை நடுவுக்கு இழுக்கற இந்த ஸ்பிரிங்கோட இழுவையைக் குறைக்க முடியுமா?"

"முடியும். தேஞ்ச ஸ்டிக்குல இருக்கற ஸ்பிரிங் தளர்ந்துதான் இருக்கும், அதைப் போட்டுத் தரேன். நடுவுல கொஞ்சம் ஆடும் சார். மாசம் ஒரு தடவை கொண்டாங்க, கொஞ்சங்கொஞ்சமா டைட்டா மாத்திக்கிடலாம்."

"ஆடட்டும். எவ்வளவு குறைச்சிருக்கேன்னு மட்டும் எழுதிக் கொடு. எனக்குத் தெரிஞ்சுண்டே இருக்கணும்."

சாருலதா ஆடித் தேய்த்த ஸ்டிக்கிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்து, பல் டாக்டரின் விளக்கு வெளிச்சத்தில் மாற்றிப் பொருத்தினாள். இவ்வளவு தளர்ந்த ஸ்டிக்கை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. விரலால் தள்ளிப் பார்த்தபோது கூச்சமாகக்கூட இருந்தது. நீரஜா பக்கத்திலேயே நின்று சின்னத் திருகாணிகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள். எல்லாம் மூடியதும், "அந்த ஆட்டத்துல வலது பக்கம் திரும்பற ரோடே கிடையாதா?" என்று கேட்டாள்.

"நிறைய இருக்கு மேடம். மலைப் பாதை ஒண்ணு இருக்கு, முழுக்க வளைவுதான்."

"அதைப் போடு."

கூடத்துக்குப் போனார்கள். சந்திரமௌலி சோஃபாவில் உட்கார்ந்தார். நீரஜா உட்காரவில்லை, அவருக்குப் பின்னால் நின்றாள். விளக்குக் கம்பம் பச்சைக்கு மாறியதும் நீலக் கார் கிளம்பியது. முதல் வளைவு வலது பக்கம். கார் வளையாமல் நேரே போய் இரும்பு வேலியில் மோதி நின்றது. மற்ற கார்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய் மலைக்குப் பின்னால் மறைந்தன. பின்னால் எடுத்து மறுபடி கிளப்பினார். மறுபடி வேலி. யாரும் கைதட்டவில்லை, யாரும் போதும் என்றும் சொல்லவில்லை. மூன்றாம் தடவை அவர் காரை நகர்த்தாமல் வைத்துக்கொண்டார். உதட்டைக் கடித்திருந்தார். ஸ்டிக்கின்மேல் கட்டைவிரலை வைத்து வலது பக்கம் தள்ளப் பார்த்தார்.

தெருச் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. யாருமில்லாத மலைப் பாதையில், வேலியில் மூக்கை இடித்துக்கொண்டு நின்ற அந்த நீலக் காரின் முன்சக்கரங்கள் மட்டும் ஒரு நூல் அளவு வலது பக்கம் திரும்பின, திரும்பிய இடத்தில் நிற்க முடியாமல் நடுங்கின.